ஐ.பி. கொடுத்தால் நிலம் தப்புமா?

சொர்ணவாரிப் பட்டத்துக்கு விதை நெல் வாங்க வருகிறவர்கள் சித்திரையில் எங்கள் வேளாண்மை விரிவாக்க மையத்துக்குக் காலை ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிடுவார்கள். போன வருடம் அப்படி வந்தவர்களில் ஒருவர் மட்டும் விதையும் கேட்கவில்லை, மானியமும் கேட்கவில்லை. கூட்டம் கலையும் வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு, பதினொன்றரை மணிக்கு உள்ளே வந்தார். ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஏரிப்பாசனக் கிராமம் அவருக்கு. அறுபதை நெருங்கும் வயது. சொந்தமாக ஒரு ஏக்கர் இருபது சென்ட், குத்தகைக்கு இரண்டு ஏக்கர். பதினைந்து வருடமாக எனக்குப் பழக்கம்.

கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "சார், மஞ்ச கடுதாசி குடுத்துட்டா நெலம் தப்பிச்சிடுமா?"

அவர் கேட்டது ஐ.பி. பற்றி. இன்சால்வென்சி பெட்டிஷன், அதாவது கடனைத் தீர்க்க வழியில்லை என்று நீதிமன்றத்தில் போடும் நொடிப்பு மனு. இந்தப் பத்திரிகையின் கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதங்களில் ஆசிரியர் எனக்கு அனுப்பி வைத்த நாலைந்திலும் இதே கேள்விதான் வேறு வேறு வார்த்தையில் இருந்தது. நான் படித்தது பி.எஸ்ஸி. விவசாயம், சட்டம் படிக்கவில்லை. ஆனாலும் இந்த விஷயம் எங்கள் வீட்டுக்குள்ளேயே நுழைந்து போனது. அதனால் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. இதில் எழுதியிருக்கும் சட்ட விவரங்களைக் காஞ்சிபுரத்தில் வழக்கறிஞராக இருக்கும் நண்பர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே அனுப்புகிறேன்.

அன்று அவரிடம் நான் பதில் சொல்லவில்லை. மண் பரிசோதனைப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பி, "மொதல்ல யார் யாருக்கு எவ்வளவுன்னு சொல்லுங்கண்ணே" என்றேன். சொல்லவே அரை மணி நேரம் ஆயிற்று. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் 60,000. மனைவியின் நகையை வைத்து வாங்கியது 1,10,000. மகன் பெயரில் கார் கடன் பாக்கி 4,20,000, அதற்கு இவர் ஜாமீன். மனைவி பெயரில் குழுக் கடன் 48,000. ஊரில் இரண்டு பேரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கிய கைமாற்று 3,00,000, மூணு வட்டி. மகன் செல்போன் ஆப்பில் எடுத்தது 35,000. கூட்டிப் பார்த்தால் 9,73,000. கைமாற்றுக்கு மட்டும் மாதம் ஒன்பதாயிரம் வட்டி. வருடத்துக்கு ஒரு லட்சத்து எட்டாயிரம். ஏரி நிறைந்து மூன்று பட்டம் நட்டாலும் ஒரு ஏக்கர் இருபது சென்டில் அந்த வட்டியை எடுக்க முடியாது. இதை அவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

கார் எப்படி வந்தது என்பது நம் பக்கத்துக்கு மட்டுமே உரிய கதை. இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்து 25 வருடத்துக்கு மேல் ஆகிறது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், அதன் பின் டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. சிப்காட்டுக்கு நிலம் போனவர்களிலும், ரியல் எஸ்டேட்டுக்கு விற்றவர்களிலும் பல பேர் கையில் வந்த பணத்தில் முதலில் வாங்கியது கார்தான். கம்பெனி டிரிப்புக்கு விட்டால் மாதா மாதம் வருமானம் என்று கணக்கு. ஐ.டி.ஐ. முடித்துக் கான்ட்ராக்டில் வேலை பார்த்த பையன்கள், கான்ட்ராக்ட் முடிந்ததும் அதே வாசலுக்கு டிரைவராகப் போனார்கள். 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது, வேலை இழந்தவர்களோடு சேர்ந்து வேனும் காரும் ஓட்டியவர்களும் கடன்காரர்களானார்கள். இவருடைய மகனுக்கும் டிரிப் நின்று ஏழு மாதம் ஆகியிருந்தது.

பேச்சின் நடுவே, "வர்ற வியாழக்கிழமை பத்திர ஆபீஸ்ல டோக்கன் போட்டிருக்கு சார்" என்றார். நிலத்தை மகளுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிட்டு, ஒரு மாதம் கழித்து ஐ.பி. கொடுப்பது என்று யாரோ ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். பத்திரம் டைப் அடித்துத் தயாராக இருந்தது.

எனக்கு அடிவயிறு கலங்கியது. காரணம் என் அண்ணன்.

சொந்த ஊரில் அண்ணன் உரக்கடை வைத்திருந்தார். கடனுக்கு மூட்டை கொடுப்பார், அறுவடைக்கு வாங்கிக்கொள்வார். இரண்டு வருடம் தொடர்ந்து மழை பொய்த்தது. வாங்கினவர்களிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அவரிடம் கேட்க வந்தவர்கள் வாயை மூடவில்லை. ஊரில் விவரமானவர் என்று பெயர் எடுத்த ஒருவர் இதே யோசனையைத்தான் சொன்னார். அண்ணன் இரண்டே கால் ஏக்கரை அண்ணி பெயருக்கு எழுதினார். எட்டு மாதம் கழித்து ஐ.பி. போட்டார். எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்தது, ஜாமீன்தாரர் என்ற முறையில் எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தபோதுதான். அவர் வங்கியில் வாங்கிய கடன் ஒன்றுக்கு, அரசு ஊழியர் ஜாமீன் வேண்டும் என்று கேட்டதால் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். படித்தும் பார்க்கவில்லை.

நடந்தது இது. நம் கிராமங்களுக்குப் பொருந்தும் சட்டம் 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தது, இன்றும் அதுதான் நடப்பில் இருக்கிறது. 2016-இல் புதிய நொடிப்பு, திவால் சட்டம் வந்தது என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அதில் சிறு கடனாளிகளுக்கென்று ஒரு நல்ல வழி எழுதப்பட்டிருக்கிறது: ஆண்டு வருமானம் 60,000-க்கு மேல் போகாமல், சொத்து 20,000-க்கு மேல் இல்லாமல், சொந்த வீடு இல்லாமல் இருப்பவருக்கு 35,000 ரூபாய் வரையிலான கடனிலிருந்து புதுத் தொடக்கம் தரும் முறை. ஆனால் தனிநபர்களைப் பற்றிய பகுதி, கம்பெனிகளின் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 1.12.2019 முதல் நடைமுறைக்கு வந்தது. மற்ற எல்லோருக்கும் பழைய 1920 சட்டம்தான். வந்தாலும் இந்த வரம்புக்குள் நம் ஆட்கள் எத்தனை பேர் வருவார்கள் என்பது வேறு கேள்வி.

அந்தப் பழைய சட்டத்தின் 53-ஆம் பிரிவு, நொடிப்பு மனு போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் சும்மா எழுதிக் கொடுத்த சொத்தை ரத்து செய்ய வழி வைத்திருக்கிறது. திருமணத்தை முன்னிட்டு எழுதியதும், நியாயமான விலை வாங்கிக்கொண்டு நல்ல எண்ணத்தோடு விற்றதும்தான் விலக்கு. அண்ணியின் பத்திரம் ரத்தாயிற்று. நிலம் நீதிமன்றம் நியமித்த ரிசீவர் கைக்குப் போயிற்று. அதைவிட மோசம், "சொத்தை மறைக்கப் பார்த்தவர்" என்ற பெயர் வழக்கு முடியும் வரை ஒட்டிக்கொண்டது. உண்மையிலேயே மழையால் கெட்ட மனிதர் அவர். அதைச் சொல்ல அவருக்கு இடமே இல்லாமல் போயிற்று.

இரண்டாவது அடி இன்னும் பெரியது. ஐ.பி. போட்டு, நொடித்தவர் என்று உத்தரவு வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று அண்ணன் நினைத்தார். முடியவில்லை. அந்த உத்தரவிலேயே, இத்தனை காலத்துக்குள் விடுவிப்பு கேட்டு மனு போட வேண்டும் என்று நீதிமன்றம் கெடு வைக்கும். கெடுவுக்குள் போடாவிட்டால் நொடித்தவர் என்ற அறிவிப்பே ரத்தாகும். கடன் கொடுத்தவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். அண்ணன் போடவில்லை. வக்கீல் சொன்னாரா, இவர் காதில் விழவில்லையா, இன்று வரை எனக்குத் தெரியாது. உத்தரவு ரத்தாகி, பழைய கடன்காரர்கள் பழைய டிக்ரியோடு திரும்பி வந்தார்கள்.

விடுவிப்பு கிடைத்திருந்தாலும் நான் தப்பித்திருக்க மாட்டேன். கடன் வாங்கியவருக்கு விடுதலை கிடைத்தாலும் ஜாமீன் போட்டவருக்குக் கிடைக்காது; 44-ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. மாதத் தவணைக்கு நானே எழுதிக் கொடுத்து, நாலு வருடம் கட்டினேன். மகளின் பள்ளிக் கட்டணமும் அந்தத் தவணையும் ஒரே வாரத்தில் வரும். அந்த நாலு வருடமும் அண்ணனும் நானும் பேசிக்கொள்ளவில்லை. அம்மாவின் திவசத்துக்குக்கூட வேறு வேறு நேரத்தில் போய் வந்தோம்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அண்ணன் விஷயத்தை அலுவலகத்தில் நான் யாரிடமும் சொன்னது கிடையாது. கேட்டுவிட்டு, "அப்ப அந்தச் சட்டத்தால ஆருக்குத்தான் சார் பிரயோசனம்?" என்றார்.

பிரயோசனம் உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எதையும் மறைக்காமல், எல்லாக் கடனையும் எல்லாச் சொத்தையும் எழுதிக் கொடுத்து மனுப் போடுகிறவருக்கு அது பாதுகாப்புதான். நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்ட பிறகு, நீதிமன்ற அனுமதியில்லாமல் கடன் கொடுத்தவர் அவர் மேலோ சொத்தின் மேலோ தனியாக நடவடிக்கை எடுக்க முடியாது. கைது வராமல் பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து விலக்கியவை ரிசீவருக்கும் போகாது: விவசாயியின் உழவுக் கருவிகள், பிழைப்புக்குத் தேவையான மாடு, விதை தானியம், சமையல் பாத்திரம், படுக்கை, துணிமணி, மனைவியின் தாலி, அவர் குடியிருக்கும் அடமானம் வைக்காத வீடு. பட்டியலைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. உடனே, "நெலம்?" என்றார். நிலம் அந்தப் பட்டியலில் இல்லை.

நம் பகுதிக்கு இதில் இன்னொரு சிக்கல். அந்தச் சலுகைக்கு விவசாயி என்றால், நிலத்தைத் தானே பயிர் செய்து, பெரும்பாலும் விவசாய வருமானத்தில் பிழைப்பவர். ஒரகடம், மாத்தூர், வல்லக்கோட்டைப் பக்கத்தில் எத்தனை வீட்டில் அடுப்பு நெல்லால் எரிகிறது? அப்பா வயலில், மகன் கம்பெனியில், அம்மா கம்பெனி கேன்டீனில். எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்பார். சிட்டா, அடங்கல், நெல் கொள்முதல் நிலைய ரசீது ஆகியவற்றைப் பத்திரமாக வையுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவருடைய விஷயத்தில் இதற்கெல்லாம் முந்திய தடை ஒன்று இருந்தது. கடனைத் தீர்க்க முடியாதவர்தான் ஐ.பி. கொடுக்கலாம். 500 ரூபாய்க் கடன் இருந்தால் போதும் என்று சட்டம் சொல்வதைக் கேட்டு, யாரும் கொடுக்கலாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் தீர்க்க முடியாத நிலைமை வேண்டும். ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் தார் ரோட்டை ஒட்டிய நிலம் சென்ட் லட்சக்கணக்கில் போகிறது. ஒன்பதே முக்கால் லட்சம் கடனுக்கு ஒரு ஏக்கர் இருபது சென்ட் வைத்திருப்பவர் சட்டத்தின் கண்ணில் நொடித்தவரே இல்லை. வீட்டில் அரிசி இல்லாதவனைப் போய், நீ பணக்காரன் என்று சொல்வது போலத்தான் இருந்தது எனக்கு. ஆனால் உண்மை அதுதான்.

கடிதங்களில் வந்த மற்ற கேள்விகளுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலே போன் வருவது நின்றுவிடுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நிற்காது. கடனைக் கட்டுவதை நிறுத்திவிட்டேன் என்று நீங்கள் அனுப்பும் நோட்டீஸே சட்டப்படி ஒரு நொடிப்புச் செயல். அதை வைத்துக் கடன் கொடுத்தவரே உங்கள் மேல் மனுப் போடலாம். அடகு வைத்த நகை, அடமானம் வைத்த நிலம், கடனில் எடுத்த டிராக்டர் இவற்றை ஐ.பி. காப்பாற்றாது, பொருளைப் பிடித்து வைத்திருப்பவரின் உரிமை அப்படியே இருக்கும். செக் கொடுத்துத் திரும்பியிருந்தால் அது குற்ற வழக்கு, ஐ.பி.யால் நிற்காது. மோசடியாக வாங்கிய கடனும், அரசுக்குக் கட்ட வேண்டியதும், ஜீவனாம்சமும் விடுவிப்புக்குப் பிறகும் தீராது. விடுவிப்பு வாங்காதவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது. தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாய்க்கு மேல் கடன் வாங்கினால்கூட ஆறு மாதம் வரை தண்டனை என்று சட்டத்தில் இருக்கிறது. 1920-இல் போட்ட தொகை, மாற்றவே இல்லை.

"கடனுக்காக ஜெயிலில் போடுவார்களா?" வெறுமனே கொடுக்க வழியில்லை என்பதற்காகப் போடக் கூடாது. கையில் வைத்துக்கொண்டே ஏமாற்றுகிறவருக்குத்தான் சிவில் சிறை என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். பணத்துக்கான டிக்ரியில் பெண்களைக் கைது செய்யவே முடியாது.

"அப்பா கடன் மகன் தலையிலா?" அப்பாவிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்குத்தான். மகன் சம்பளத்தில் கை வைக்க முடியாது, மகன் தனியாகக் கையெழுத்துப் போட்டிருந்தாலொழிய. அப்பா கடனை மகன் தீர்ப்பது தர்மம் என்று பழைய இந்துச் சட்டத்தில் இருந்த கடமையை 2005 திருத்தம் எடுத்துவிட்டது. அதற்கு முன் வாங்கிய கடனுக்கு மட்டும் பழைய விதி.

மறுநாள் மனைவியையும் மகனையும் அழைத்துவரச் சொன்னேன். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து அந்தப் படிவத்தைப் பார்த்தது அன்றுதான். புரோநோட்டு விஷயம் அந்த அம்மாவுக்கு அதுவரை தெரியாது. ஆப் கடன் அவருக்கே முந்தின நாள்தான் தெரியும். அந்த அம்மா யாரையும் ஏசவில்லை. "இவ்ளோ நாள் ஏன் சொல்லல?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கிளம்பும்போது அவரைத் தனியாகக் கூப்பிட்டு, பூச்சிமருந்து வைத்திருக்கும் அறைச் சாவி கொஞ்ச நாள் உங்களிடமே இருக்கட்டும் என்று சொன்னேன். புரிந்துகொண்டார். 104, 14416 இரண்டு எண்ணையும் எழுதிக் கொடுத்தேன், ராத்திரியிலும் எடுப்பார்கள். இந்த வேலையில் முப்பது வருடம் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் இப்படிச் சொல்லாமல் விட்ட ஒரு வீடு நினைவில் இருக்கும். எனக்கும் ஒன்று உண்டு.

பிறகு கடன்களைப் பிரித்தோம். குழுக் கடனுக்கு ஈடு எதுவும் கேட்கக் கூடாது. வசூலுக்கு வருகிறவர் காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022 நெறிமுறை சொல்கிறது. ஆப் கடன் கொடுத்த நிறுவனம் ரிசர்வ் வங்கியில் பதிவானதா என்று மகனைப் பார்க்கச் சொன்னோம். பதிவில்லாமல் மிரட்டினால் சைபர் குற்றப் பிரிவுக்கு 1930. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றுக்கும் 2003-லேயே தமிழ்நாட்டில் தடைச் சட்டம் இருக்கிறது. கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் இன்னொரு சட்டமும் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் ஊருக்குள் பக்கத்துத் தெருக்காரர் மேல் புகார் கொடுக்க இவர் தயாரில்லை. அதை நான் வற்புறுத்தவில்லை. அந்தத் தெருவில் நாளைக்கும் அவர்தான் நடக்க வேண்டும்.

பயிர்க்கடனுக்கு, "தள்ளுபடி வரும், விட்ருங்க சார்" என்றான் மகன். 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தார்கள், உண்மைதான். அதில் மூணு வட்டிக் கைமாற்று ஒரு பைசா குறையவில்லை. 1938-இல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் தனியார் கடனின் பழைய வட்டியையே வெட்டியது. அப்படி ஒன்று இன்று யார் கொண்டுவரப் போகிறார்கள்? கூட்டுறவுக் கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. அந்த 60,000-ஐக் கட்டி உடனே புதுப்பித்துக்கொள்வதுதான் இருப்பதிலேயே மலிவான பணம். பயிர் 33 சதவீதத்துக்கு மேல் சேதமான வருடத்தில் வங்கிக் கடனைக் காலம் நீட்டி மாற்றித் தரவும் ரிசர்வ் வங்கி விதியில் இடமுண்டு. நாம் கேட்டுப் போக வேண்டும், கெடு தாண்டுவதற்குள்.

வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு அவர்களை அனுப்பினேன். 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்; பெண்கள் பெயரில் கேட்டால் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. காரைத் திருப்பி ஒப்படைத்து, விற்றது போக வரும் பாக்கியை மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிப்பது என்று முடிவாயிற்று. கைமாற்றுக்கு ரோட்டோரத்தில் எட்டு சென்ட் விற்றார். வாங்கினவர் வெளியூர்க்காரர். விற்ற அன்று இரவு இவர் வயல் வரப்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாக மகன் சொன்னான். எட்டு சென்டை மிச்சப்படுத்தியிருக்க முடியுமா, இரண்டு வருடம் முன்னால் இந்தப் படிவத்தை எழுதியிருந்தால் முடிந்திருக்குமா என்று நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கைமாற்று ஒரு லட்சமாக இருந்தபோதே எழுதியிருந்தால் மூன்று சென்டோடு போயிருக்கும்.

வியாழக்கிழமை டோக்கனுக்கு அவர் போகவில்லை. டைப் அடித்த பத்திரத்தை என் மேசையிலேயே விட்டுப் போனார். அது அலமாரியில் இருக்கிறது.

போன மாதம் நவரை அறுவடை முடிந்ததும் வந்தார். ஏ.டி.டீ. 37 போட்டிருந்தார், ஏக்கருக்கு இருபத்தெட்டு மூட்டை. மகன் ஒரு டயர் கம்பெனியின் கிடங்கில் சேர்ந்திருக்கிறான், மறுபடியும் கான்ட்ராக்ட்தான். நகை இன்னும் மீளவில்லை. புகையான் தாக்கிய இரண்டு தூரைப் பிடுங்கிக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, சொர்ணவாரிக்கும் இதே ரகம் போடலாமா, மாற்றலாமா என்று கேட்டார்.

அண்ணனுக்கு அன்று மாலை போன் செய்தேன். அவர் ஊரிலும் புகையான்தானாம்.